நூறு வருடம் நிற்கப்போகும் தோட்டா எது?

கடந்த இருபத்தைந்து வருடங்களில் வந்த ரைஃபிள் தோட்டாக்களில் எது, 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்து இன்றும் ஓடுகிற .30-06 தோட்டா மாதிரி நிலைத்து நிற்கும் என்று கேட்டால், துப்பாக்கிப் பிரியர்கள் உடனே வேகக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வினாடிக்கு இத்தனை அடி, இத்தனை தூரத்தில் இத்தனை அங்குலம் இறக்கம் என்று. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. சட்டமும் கடை அலமாரியும்தான் தோட்டாவின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்பீர்கள். கடலைக்காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போகிற ஊர் இது. 2022-இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்த பிறகு, டீக்கடையில் லைசென்ஸ் பேச்சும் தோட்டா பேச்சும் சர்வசாதாரணம். சுட வருகிறவர் கையில் பெரும்பாலும் பன்னிரண்டு போர் அளவு இரட்டைக் குழல் துப்பாக்கிதான். மடக்கித் திறந்தால் இரண்டு தோட்டா. பித்தளை அடி, பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே சுண்டைக்காய் அளவில் எல்.ஜி. என்கிற ஈய ரவைகள். ரைஃபிளே வைத்திருப்பவர் என்றால் அநேகமாக .315 (இப்படிப் புள்ளி வைத்த எண் எல்லாம் சுமாராகக் குழல் துளையின் அளவு, அங்குலத்தில்).

அந்த .315 எப்படி வந்தது? ராணுவத்தின் த்ரீ நாட் த்ரீ தோட்டாவைப் பொதுமக்கள் கையில் விட வெள்ளைக்காரனுக்கு மனமில்லை. அதனால் ஆஸ்திரியாவின் பழைய 8 எம்எம் மான்லிகர் தோட்டாவை ஒட்டி இந்தியாவுக்கென்றே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு இஷாப்பூர் தொழிற்சாலை அதற்கு ரைஃபிள் செய்து விற்றது. அதே மாதிரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுக்கு இந்தியாவிலும் சூடானிலும் தடை வந்தது. லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .470, .475 என்று இறக்கின. அதில் .470 இன்றைக்கும் யானைத் துப்பாக்கிக்காரர்களின் செல்லம். இரண்டையும் வாழவைத்தது ஒரு சர்க்கார் தடை.

இந்தக் கண்ணோடு புதுசுகளைப் பார்த்தால், முதல் சீட்டு 6.5 க்ரீட்மோருக்கு. இதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. 2007-இல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், பத்து வருடம் முன்பே, 1997-இல், கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் .260 ரெமிங்டன் கடைக்கு வந்துவிட்டது. குண்டின் விட்டம் ஒன்றே, வேகமும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு ஏன் அது சோர்ந்துபோனது?

.260 என்பது பழைய .308 தோட்டாவின் கழுத்தை நெரித்துச் செய்தது. வெடிமருந்து அடைக்கும் கூடு நீளம். தூரம் சுட உதவும் நீண்ட ஒல்லிக் குண்டை அதில் வைத்தால் மேகசினுக்குள் அடங்காது. அடங்கவைக்கக் கூட்டுக்குள் அழுத்தினால் மருந்துக்கு இடம் குறைகிறது. க்ரீட்மோர்காரர்கள் கூட்டையே குட்டையாக்கி, குண்டு மூக்கை நீட்ட இடம் விட்டார்கள். நீண்ட குண்டு தடுமாறாமல் சுழல, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலின் முறுக்கையும் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார்கள். அப்புறம் பெட்டித் தோட்டாவே போட்டிக்குத் தாங்கும் தரத்தில், கட்டுப்படியாகும் விலையில் வந்தது. 2015-இல் ரூகர் துப்பாக்கிக் கம்பெனி தன் பிரிசிஷன் ரைஃபிளை இதற்கும் போட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. 140 கிரெய்ன் (சுமார் ஒன்பது கிராம்) குண்டு, வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகம், தோளை உடைக்காத உதை. 'மாயத் தோட்டா' என்று கேலி செய்கிறவர்கள் செய்துகொண்டிருக்கட்டும். ராணுவம் பெற்றுப்போடாமல் சொந்தக் காலில் எழுந்தது இது. அமெரிக்கச் சிறப்புப் படை பின்னால்தான் வந்து சேர்ந்தது.

2022-இல் வந்த 7 எம்எம் பிஆர்சி தோட்டாவுக்கு நான் பாதி ஓட்டுதான் போடுவேன். அதே சூத்திரம், பெரிய உடம்பு. 1962-இன் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்தில் (மேக்னம் என்றால் மருந்து கூடுதலாகப் பிடிக்கும் தோட்டா) கூட்டின் அடியைச் சுற்றி இருந்த பட்டை வளையம் இதில் இல்லை. 175 கிரெய்ன் குண்டு 3,000 அடி வேகத்தில் போகும். ஆனால் பழைய 7 மேக்னம் ரைஃபிள்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. வைத்திருப்பவன் மாற வேண்டும், இல்லையா? 2001-இல் குட்டை மேக்னம் அலை வந்தபோதும் இதே சத்தம்தான் கேட்டது. அதில் .300 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) தப்பித்தது, கூடப்பிறந்த .325-ஐ யார் தேடுகிறார்கள்? நோஸ்லர், 6.8 வெஸ்டர்ன் என்று வந்த மற்றப் புதுசுகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

.350 லெஜண்ட், 2019. நம் .315-க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று இதைச் சொல்வேன். அமெரிக்காவின் ஒஹாயோ போன்ற இடங்களில் மான் வேட்டைக்குக் கழுத்து ஒடுங்காத நேர்க்கூட்டுத் தோட்டாதான் செல்லும் என்று விதி. அந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. இருநூறு கெஜத்துக்குள் நல்ல வேலை செய்யும். விதி இருக்கும்வரை இது ஓடும். நாளை எந்த ரைஃபிளும் சரி என்று தளர்த்திவிட்டால் லெஜண்டுக்குச் சோறு இல்லை.

.300 பிளாக்அவுட் நிற்கும். அமெரிக்காவில் பரவலான ஏஆர்-15 ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும். போல்ட், மேகசின் எல்லாம் பழையதே. ஒலியைவிட மெதுவாகப் போகும் கனமான குண்டும் இருப்பதால், சத்தம் அடக்கி மாட்டுகிறவர்களுக்கு இதை விட்டால் நாதியில்லை. ஒரே ஆபத்து, அதே மேகசின் என்பதால் தவறிப்போய் அந்த ரைஃபிளின் வழக்கமான 5.56 குழலில் ஏற்றிச் சுட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும்.

எல்லோரும் .277 ஃப்யூரியைத்தான் சொல்கிறார்கள். 2022-இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த 6.8 எம்எம் தோட்டாவின் சிவிலியன் உருவம் அது. .30-06, .308, .223 மூன்றும் ராணுவத் தொடர்பால் பெரிய ஆளானவை, இதுவும் ஆகும் என்கிறார்கள். ராணுவம் எடுத்தால் கடை அலமாரி நிறையும் என்பதால், என் வாதப்படி நானும் ஆமாம் போட வேண்டும். ஆனால் அந்த மூன்றும் பித்தளைக் கூட்டில், மலிவாக, மூட்டை மூட்டையாகக் கிடைத்தவை. ஃப்யூரிக்கோ சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு அழுத்தம். அதைத் தாங்க எஃகு அடியும் பித்தளை உடலும் சேர்த்துக் கூடு செய்கிறார்கள். மான் வேட்டைக்காரனுக்கு இது எதற்கு? ராணுவம் மிச்சத் தோட்டாவைச் சந்தையில் கொட்டினால் பார்க்கலாம். அதுவரை ஃப்யூரிக்கு என் ஓட்டு இல்லை.