பிளாட்பாரம் தாழவில்லை, தண்டவாளம் ஏறுகிறது

மாம்பலம், கிண்டி என்று சென்னைப் புறநகர் நிலையங்களில் அம்ரித் பாரத் என்ற ரயில் நிலையச் சீரமைப்புத் திட்ட வேலை நடக்கிறது. முகப்பு மாறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அளக்க வேண்டியது தண்டவாளத்தின் மேல்பரப்பிலிருந்து பிளாட்பார விளிம்பு எவ்வளவு உயரம் என்பதைத்தான்.

விதிப்படி அது 760 முதல் 840 மி.மீ. மின்சார ரயில் பெட்டியின் தரை சுமார் 1200 மி.மீ. எல்லாம் ஒழுங்காக இருந்தாலே ஓரடிக்கு மேல் காலைத் தூக்க வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கும் கைக்குழந்தையோடு ஏறுபவர்களுக்கும் அதுவே அதிகம்.

இதில் வருடா வருடம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ஜல்லி இறுக்கும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் பாதையைச் சற்றே தூக்கித்தான் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணிக்கும். அதனால் பாதை இறங்காது, ஏறத்தான் செய்யும். பிளாட்பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். வளைவில் உள்ள நிலையத்தில் இன்னும் மோசம்: வளைவின் வெளிப்பக்கப் பிளாட்பாரத்தில் பெட்டியின் நடுக்கதவு விலகி நிற்கும், உட்பக்கத்தில் இரு முனைக் கதவுகளும் விலகும்.

மும்பையில் 2014 ஜனவரியில் காட்கோபரில் ஒரு மாணவி இந்த இடைவெளியில் விழுந்து இரு கைகளையும் இழந்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அங்கே பிளாட்பாரங்களை 900–920 மி.மீ. வரை உயர்த்தினார்கள். இங்கேயும் அதைச் செய்ய ஒரு விபத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

உயர்த்துவதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது. விளிம்பை மட்டும் ஏற்றினால் சரிவு செங்குத்தாகி, மழைத் தண்ணீர் நடுவில் தேங்கும். நடைமேம்பாலத்தின் கடைசிப் படி குட்டையாகி ஆளை இடறும். பார்வையற்றோருக்கான மேடுபள்ள ஓடுகளையும் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் பாதையையே பழைய மட்டத்துக்கு இறக்குவது இன்னொரு வழி. பிளாட்பாரப் பாதைக்கு மட்டும் ஜல்லியில்லாத கான்கிரீட் தளம் போட்டால் மட்டம் நகரவே நகராது. செலவு கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே.

139 என்ற ரயில்வே உதவி எண்ணிலோ ரயில் மதத் செயலியிலோ புகார் கொடுப்பவர்கள் "இடைவெளி அதிகம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நிலையம், பிளாட்பார எண், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி நிற்கும் இடம், நிற்கும் ரயிலின் கதவோரப் படம் எல்லாம் சேருங்கள். அளக்கிறேன் என்று தண்டவாளத்தில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். அளவெடுப்பது ரயில்வே பொறியாளர்களின் வேலை.