எட்டு போடாத நானும் போலி லைசென்ஸ் அண்ணனும்

ரெண்டு நாளா எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல தண்ணி லாரி, லிஃப்ட், பார்க்கிங் பஞ்சாயத்து எல்லாம் ஓரமா போயிடுச்சு. ஒரு பிரபலம் போலி டிரைவிங் லைசென்ஸ் வெச்சிருந்தார்னு வந்த கேஸ்ல அவர் மேல தப்பில்லன்னு விட்டுட்டாங்களாம், அதான் பேச்சு. "காசு இருந்தா கலர் ஜெராக்ஸும் ஒரிஜினல்"னு பி பிளாக் மாமா ஆரம்பிச்சு வெச்சார், கீழ வரிசையா கண்ணுல தண்ணி வர சிரிக்கற ஸ்மைலி.

மாமா அதோட விடல, சல்மான் கானை இழுத்துட்டு வந்துட்டார். 2002 செப்டம்பர்ல மும்பை பாந்த்ராவுல பேக்கரி வாசல்ல படுத்திருந்தவங்க மேல வண்டி ஏறி ஒருத்தர் செத்தார், அப்போ அவர்கிட்ட லைசென்ஸே இல்ல, 2004ல தான் எடுத்தார்னு ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து வந்து கோர்ட்ல சாட்சி சொன்னாங்க, 2015 மே மாசம் அஞ்சு வருஷம் ஜெயில்னு தீர்ப்பாச்சு, அதே வருஷம் டிசம்பர்ல ஹைகோர்ட் எல்லாத்துல இருந்தும் விடுதலை பண்ணிடுச்சு, ஓட்டினது அவர்தான்னு சந்தேகமில்லாம நிரூபிக்கலன்னு. மாமாவோட கோவம் எனக்கு புரியுது, செத்தவர் வீட்டுல யாருக்கு ஆறும் அது. ஆனா அது லைசென்ஸ் இல்லாம ஓட்டின கேஸ். இது கையில இருந்த கார்டு போலியா, அது போலின்னு இவருக்கு தெரியுமாங்கற கேஸ். ரெண்டையும் ஒரே குண்டான்ல போட்டு கிண்டினா எப்படி.

அந்த 'தெரியுமா'ல தான் எல்லாம் இருக்கு. பழைய ஐபிசில 471வது பிரிவுன்னு ஒண்ணு, இப்போ நம்பர் மாறிடுச்சு. போலி பத்திரம் உன் கையில இருந்துச்சுன்னா மட்டும் பத்தாது, அது போலின்னு தெரிஞ்சோ, இல்ல சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தோ, நீ அதை ஒரிஜினல்னு காட்டியிருக்கணும். அது நிரூபணம் ஆகலன்னா ஆள் வெளிய வரத்தான் செய்வான். அவன் நடிகனா இருந்தாலும் சரி, நம்ம தெருமுனைல இஸ்திரி போடறவரா இருந்தாலும் சரி.

ஆனா வெளிய வந்த நியூஸ் யாருக்கு ஞாபகம் இருக்கு? நடிகர் விஜய் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு நுழைவு வரி விலக்கு கேட்டு போட்ட கேஸ் எடுத்துக்கோங்க. 2021ல ஹைகோர்ட் நீதிபதி ரீல் ஹீரோவா இருக்காதீங்கங்கற மாதிரி எழுதினது, ஒரு லட்சம் அபராதம், எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். 2022 ஜனவரில அதே ஹைகோர்ட்ல ரெண்டு நீதிபதி பெஞ்ச் அந்த கமென்ட்டையெல்லாம் தீர்ப்புல இருந்து எடுத்துடுச்சுன்னு நான் சொன்னா, "அப்படியா, எப்போ?"ங்கறாங்க. (நான் ரசிகனும் இல்ல, கட்சிக்காரனும் இல்ல, கமென்ட்ல வந்து கொடி நடாதீங்க.)

சரி, நான் ஏன் இவ்ளோ குதிக்கறேன்னா எங்க வீட்டுலயே நடந்திருக்கு. எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்கு அம்பாசடர் ஓட்டினவர். அவர் லைசென்ஸ் புக்கு மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் நைஞ்சு, போட்டோவுல பாதி முகத்து மேல ஊதா சீல், உள்ள ஒவ்வொரு தடவை புதுப்பிச்சதுக்கும் ஒரு கையெழுத்து. 2018ல புதுப்பிக்கலாம்னு ஆன்லைன்ல நம்பர் போட்டா அப்படி ஒரு பதிவே இல்லன்னு வருது! பழைய லெட்ஜர்ல கையால எழுதினது கம்ப்யூட்டர்ல ஏறவே இல்ல, அவ்ளோதான் விஷயம். ஆனா கவுன்ட்டர்ல இருந்த பையன் அந்த புக்கை ரெண்டு விரலால தூக்கி, "இது எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டான். வாங்கினீங்களாம். அப்பா ஒண்ணும் பேசல, சட்டைப் பையில வெச்சுட்டு வெளிய வந்து வேப்ப மரத்தடியில நின்னார். அப்புறம் பேக்லாக் என்ட்ரின்னு ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சு, மூணு தடவை அலைஞ்சு ஏத்தினோம். அந்த மூணு வாரமும் எங்க அப்பா போலி லைசென்ஸ்காரர் தான். அவர் நடிகர் இல்லங்கறதால நியூஸ்ல வரல.

இப்போ என் கதை. இதை எழுதவே கூச்சமா இருக்கு.

2014ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன், பேர் வேணாம். பைக்கும் காரும் சேத்து ஒரே பேக்கேஜ், "டெஸ்ட் நாங்க பாத்துக்கறோம் சார்"னு சொன்னதும் பேக்கேஜ்ல சேத்தி. எல்எல்ஆர் போட்டு முப்பது நாள் கழிச்சு காலைல ஏழு மணிக்கே வரச் சொன்னாங்க. முதல்ல பைக். ராத்திரி பூரா பார்க்கிங்ல ஸ்கூட்டில எட்டு போட்டு பழகிட்டு போயிருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு பத்து பேர் போட்டாங்க, வெயில் ஏறிடுச்சு, பிரேக் இன்ஸ்பெக்டர் மிச்சம் இருந்த எங்களை நேரா போய் திரும்பி வரச் சொல்லிட்டார். போனேன், வந்தேன், பாஸ். அப்புறம் கார். ஸ்கூல் வண்டில நாலு பேர் அடைஞ்சு உக்காந்தோம், ஒவ்வொருத்தரா ஸ்டியரிங்குக்கு மாறினோம். என் முறை வந்தப்போ வண்டி தானா கிளம்புச்சு. தானான்னா, பக்கத்து சீட் மாஸ்டர் கால் அவர் பக்கத்து கிளட்ச் மேல. இருபது அடி போச்சு, "போதும் இறங்கு". அந்த இருபது அடில நான் பண்ண ஒரே வேலை ஸ்டியரிங்கை கெட்டியா புடிச்சதுதான்.

கொஞ்ச நாள்ல கார்டு வந்துச்சு. சீலு, கவர்மென்ட் முத்திரை, எந்த கோர்ட்ல நீட்டினாலும் நூத்துக்கு நூறு ஒரிஜினல்.

ரெண்டு வருஷம் கழிச்சு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் எடுத்தேன், எடுத்து வாசல்ல நிறுத்தினதோட சரி, ஓட்ட பயம். வெளியூர் போக ஆக்டிங் டிரைவர் ஒரு அண்ணனை கூப்பிடுவேன், செய்யாறு பக்கம் ஊரு, மூணு மணி நேரம் ஓட்டினாலும் பின்னாடி குழந்தை முழிக்காது, அப்படி ஒரு கை. அவர்தான், "வண்டி வெச்சிருந்து என்ன சார், ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னு பள்ளிக்கரணை பக்கம் காலி மனைங்களுக்கு நடுவுல கூட்டிட்டு போய் கத்து குடுத்தார். "காலை தூக்காதீங்க சார், விடுங்க, மெதுவா விடுங்க, வண்டி உங்ககிட்ட பேசும்." இன்னைக்கு கத்திப்பாரால நான் பதறாம லேன் மாறறேன்னா அது அந்த மனுஷன் புண்ணியம்.

2019ல அவர் ஒரு டிராவல்ஸ்ல பர்மனன்ட்டா சேரப் போனார். லைசென்ஸ் நம்பரை செக் பண்ணா அது வேற யாரோ ஒருத்தரோட டூ வீலர் லைசென்ஸ். இருபது வயசுல ஊர்ல ஒரு ஏஜென்ட்கிட்ட காசு குடுத்திருக்கார், அவன் "நீ வர வேணாம், போட்டோ மட்டும் குடு"ன்னு சொல்லி ஒரு கார்டை கையில வெச்சிருக்கான். பத்து வருஷமா எத்தனையோ செக்கிங்ல அதை காட்டியிருக்கார், போலீஸ் திருப்பி திருப்பி பாத்துட்டு குடுத்திருக்காங்க. எனக்கு போன் பண்ணி, "சார், உங்க வண்டிய ஓட்டிட்டேனே சார்"னார். அதுதான் முதல்ல சொன்னார், வேலை போச்சுன்னு அப்புறம்தான் சொன்னார்.

அவருக்கு தெரியுமா? டெஸ்ட்டே போகாம கார்டு வந்தா சந்தேகப்பட வேணாமான்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். ஆனா அவர் ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தானே வந்துச்சு, எனக்கும் முக்கால்வாசி அப்படித்தானே வந்துச்சு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, நம்ம சுயநலம், அவர் ஓட்டி எங்கயாவது இடிச்சிருந்தா இன்சூரன்ஸ் கைய விரிச்சிருக்குமேன்னு. வக்கீல் நண்பன்கிட்ட கேட்டேன். சுப்ரீம் கோர்ட் 2004லயே சொல்லியிருக்காம், டிரைவர் லைசென்ஸ் போலிங்கற ஒண்ணை வெச்சு மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்க முடியாது, ஓனர் தெரிஞ்சே விட்டான், இல்ல அக்கறையா பாக்கலன்னு அவங்கதான் நிரூபிக்கணும்னு. கார்டை வாங்கி பாத்தேன், நல்லாத்தான் ஓட்டினார், ஒரு சாதா ஓனர் வேற என்ன பண்ணுவான்? ஆக எனக்கு தெரியாதுங்கறது எனக்கு செல்லும். ஒரு பிரபலத்துக்கு மட்டும் அது செல்லக் கூடாதா?

அண்ணன் புதுசா எல்எல்ஆர் போட்டார். காலேஜ் பசங்களுக்கு நடுவுல வரிசைல நின்னார். முதல் தடவை ஃபெயில், கையால சிக்னல் காட்டலயாம். ரெண்டாவது தடவை பாஸ். இப்போ பேட்ஜெல்லாம் போட்டு ஏர்போர்ட் ட்ரிப் ஓட்டறார்.

அந்த ஞாயித்துக்கிழமைங்கள நெனச்சா இப்போ சிரிப்பு வருது. அந்த கார்ல சட்டப்படி லைசென்ஸ் இருந்த ஒரே ஆள் நான், வண்டி ஓட்டத் தெரியாத ஒரே ஆளும் நான்.

சாலை போக்குவரத்து மந்திரியா இருந்த நிதின் கட்கரி 2019ல மக்களவைலயே சொன்னார், நாட்டுல 30 சதவீத லைசென்ஸ் போலின்னு. என் கார்டு அந்த 30ல வராது பாருங்க, மிச்ச 70ல வரும். பைக் யூடியூபர் டிடிஎஃப் வாசன் லைசென்ஸும் ஒரிஜினல்தான், 2023ல காஞ்சிபுரம் பக்கம் வீலிங் பண்ணி விழுந்த அப்புறம் பத்து வருஷத்துக்கு ரத்து பண்ணாங்க. ஒரிஜினலா இருந்ததாலதான் ரத்து பண்ணவே முடிஞ்சுது.

நேத்து ராத்திரி குரூப்ல ஸ்மைலி இன்னும் ஓயல. எனக்கு பொறுக்கல, "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு கீழ பார்க்கிங்ல சாக்பீஸ்ல எட்டு வரையறேன், லைசென்ஸ் இருக்கற எல்லாரும் வந்து ஒரு தடவை போட்டு காட்டுவோம், நான்தான் ஃபர்ஸ்ட்"னு போட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்கன்னு ரெண்டு நீல டிக் சொல்லுது, ஒரு ஸ்மைலி கூட இல்ல. அரை மணி நேரம் கழிச்சு பி பிளாக் மாமா மட்டும் தனியா மெசேஜ் பண்ணார்.

"தம்பி, எட்டு போடறப்போ கால் ஊனலாமா?"