குடியை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதாது

எங்கள் மாமா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்குகிறவர். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த மரக்கறிப் பாத்தியைப் பார்க்கவே அடுத்த டிவிசனில் இருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு வருசம் லீக்ஸ் முற்றிப் பூத்து நின்றது, அவர் பிடுங்கவே இல்லை. "ஏன் மாமா இப்படி விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். "பிடுங்கி என்னத்துக்கு" என்றார். அப்போதெல்லாம் அவர் சம்பளத்தன்று மட்டும் குடிக்கிற ஆள்.

இன்றைக்குத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், "குடிச்சுக் குடிச்சே இப்படி ஆயிட்டாரு" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த லீக்ஸ் பாத்தி நினைவுக்கு வந்த பிறகுதான் முன்பின் புரிந்தது. தூக்கம் கெட்டது, சோறு இறங்காமல் போனது, யாரோடும் பேசாமல் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், குந்தியே இருந்தது, எல்லாம் முதலில். தினமும் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்தது அதற்குப் பல மாதம் கழித்து.

மனச்சோர்வில் கிடக்கிறவருக்கு முதல் கிளாஸ் மருந்து மாதிரித்தான் இருக்கும். இதை மறைத்துப் பேசிப் பலனில்லை. கொஞ்ச நேரம் நெஞ்சுப் பாரம் இறங்கும். ஆனால் மதுவே மூளையை மந்தமாக்குகிற பொருள். நடுச்சாமத்தில் தூக்கத்தைக் கலைக்கும், விடிந்தால் மனசை இன்னும் கீழே இழுக்கும். அதைத் தாங்க மறுபடி கிளாஸ். சிலருக்குக் குடி முதலில் வந்து, அதிலிருந்தே மனச்சோர்வு பிறக்கும். எது முதலில் வந்தாலும் கொஞ்ச நாளில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் என்ன செய்தோம்? தோட்டத்துக் காவல் தெய்வம் ரோதமுனி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினோம். மாமாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்றாம் நாள் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, இல்லாத ஆளோடு பேச ஆரம்பித்தார். ராத்திரி வலிப்பு வந்தது. பேய் என்று சொல்லி மந்திரிக்க ஆள் தேடினார்கள். பேயில்லை. பல காலம் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும், உயிரே போகலாம். அப்படிப்பட்டவருக்கு வைத்தியர் பார்வையில், மாத்திரையும் விட்டமின் பி1-உம் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். தயவுசெய்து யாரும் வீட்டில் கட்டாயப்படுத்தி நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் சேலைன் ஏற்றினார்கள், நடுக்கம் அடங்கியது, "இனிக் குடிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மனசு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் மறுபடி பழைய இடத்துக்கே வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடியை எடுத்துவிட்டோம், அது மூடி வைத்திருந்த துக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

அப்புறம்தான் மனநலக் கிளினிக். "அங்கொடைக்கா கொண்டு போறீங்க?" என்று அத்தை அழுதார். அங்கொடை, கொழும்புப் பக்கம் பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்; அந்தப் பேரே நமக்கு வசைதானே. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மாமா, "மனசு செத்துப் போச்சுங்க" என்றார். கூட வந்த பதினான்கு வயது மகள் ஒரு நிமிசம் தரையைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில், "அப்பாவுக்குக் களைப்பா இருக்காம்" என்றாள். அந்தப் பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? மருந்து கட்டிக்கொண்டிருந்த தமிழ் நேர்ஸ் ஒருவர் காதில் விழுந்ததால் உண்மை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. மலையகத்து மனநலக் கிளினிக் ஒவ்வொன்றிலும் தமிழ் பேசுகிற ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டாக்டர் பார்வையில் மறுபடி குடியை நிறுத்தி மூன்று நான்கு கிழமை கழிந்தும் மனசு தெளியாததால் மனச்சோர்வுக்கும் மருந்து தொடங்கினார்கள். அந்த மாத்திரை பழக்கமாகிவிடும் என்று தோட்டத்தில் பயப்படுகிறார்கள். அது போதை தரும் மாத்திரை இல்லை, பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். சட்டென்று விடாமல் டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்த வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. ஆனால் கிளினிக் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. ஐந்தாம் மாதம் ஒரு சாவு வீட்டில் மாமா மறுபடி குடித்தார், வெட்கத்தில் கிளினிக்கையும் விட்டார். "குடிச்சிருந்தாலும் வாங்க, வராம மட்டும் இருக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியனுப்பிய பிறகுதான் திரும்பப் போனார்.

இன்னொன்று. போதையில் "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் உளறல் என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் இருங்கள், தனியாக விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்பது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம்.

மாமாவுக்கு அடுத்த கிளினிக் புதன்கிழமை. அந்த நேர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டார். நான் பாடசாலையில் லீவு சொல்லியிருக்கிறேன். இந்த முறை பிள்ளை வகுப்புக்குப் போகட்டும், மாமா சொல்வதை நான் சிங்களத்தில் சொல்கிறேன்.