கண்ணகி கதை மதுரை எரிந்ததோடு முடிவதில்லை: வீடியோ எடுக்கிற எங்கட பிள்ளைகளுக்கு

வைகாசி நெருங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முகநூல் முழுக்கக் கண்ணகி அம்மன் வீடியோதான். எடுக்கிற பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து வீடியோ பார்த்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கிறது. சிவந்த கண், விரித்த தலைமயிர், உயர்த்திய சிலம்பு, பின்னால் எரிகிற கோபுரம், மேலே ஏதோ ஒரு சினிமாவின் பின்னணி இசை. அறுபது செக்கனில் மதுரை எரிந்து முடிகிறது, வீடியோவும் அதோடு முடிகிறது.

எங்கட கோயில்களில் கதை அங்கே முடிவதில்லை. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கோயிலை வைகாசியில் திறந்து, கல்யாணக்கால் என்கிற கம்பம் நட்டு, இரவிரவாக உடுக்கடித்துக் கண்ணகி கதைப் பாட்டான வழக்குரையைப் பாடி, கடைசியில் அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தி பாடித்தான் கதவடைக்கிறோம். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் சனம் விடிய விடியக் காத்திருப்பது அந்தக் குளிர்த்திக்காகத்தான். கோபம் ஆறவேண்டும், மழை பெய்யவேண்டும், அம்மையும் வெக்கை நோயும் ஊரை விட்டுப் போகவேண்டும். குளிர்த்தியை வெட்டிவிட்டுக் கண்ணகி வீடியோ போடுவது, சடங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கோயிலைப் பூட்டுவதற்குச் சமம். இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சினிமாவிலிருந்துதான். 1942இல் கண்ணாம்பா நடித்த ‘கண்ணகி’ வந்தது. 1964இல் கருணாநிதி வசனத்தில், விஜயகுமாரி கண்ணகியாக நடித்த ‘பூம்புகார்’ வந்தது. பாண்டியன் சபையில் கண்ணகி பேசுகிற அந்த அடுக்கு வசனம் பிறகு பள்ளிக்கூட மேடைகளுக்கும் வந்து, கண்ணகி என்றால் நீதிகேட்டு முழங்குகிறவள் என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. சினிமாவாக அது நல்ல வேலைதான். அந்தக் காட்சியின் பலம் பெரியது. பிரச்சினை என்னவென்றால், அந்த ஒரு காட்சியே இப்போது முழுக்கதையாகிவிட்டது. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம் என்று இரண்டு கட்சியாக நின்று கொம்பை இழுத்த ஊர்ப் பிள்ளைகளே கண்ணகியைச் சினிமாவிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

கையில் இருப்பது எவ்வளவு பெரிய சரக்கு என்று தெரியாமல் போடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். எங்கட கண்ணகி வழக்குரையும் இளங்கோவின் சிலப்பதிகாரமும் ஒன்றல்ல. வழக்குரையில் அம்மன் பாண்டியனின் மாந்தோப்பில் மாங்கனியாக வருகிறாள், குழந்தையாகிறாள், பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள், சோழநாட்டு வணிகர் கையில் வந்து சேருகிறாள். அப்படியானால் பிற்பாடு அவள் சிலம்போடு போய் நிற்பது, தன்னைக் கடலில் விட்ட அதே பாண்டியன் முன்னால். சபைக் காட்சியின் கனம் இதனால் எத்தனை மடங்கு ஏறுகிறது! வழக்குரையின் கடலோட்டு காதை என்கிற பகுதியில், கண்ணகியின் சிலம்புக்கு உள்ளே இடுகிற பரலாக நாகமணி தேடிக் கப்பலோட்டிப் போகிறான் மீகாமன். அவனை மறிக்கிறான் வெடியரசன். அதில் நெடுந்தீவு வருகிறது, கடற்சண்டை வருகிறது. இதை யாராவது ஐந்து நிமிட வீடியோவாகப் போட்டிருக்கிறீர்களா? அனிமேசன் தெரிந்த பிள்ளைகள் எத்தனைபேர் இருக்கிறீர்கள்! பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்த வழக்குரையைத் தேடி எடுங்கள். ஊர்க் கோயில்களில் ஏட்டுப்படியும் கைப்பிரதியும் இருக்கும். ஊருக்கு ஊர் பாடலில் சிறு வேறுபாடுகளும் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. “இது எங்கட ஊர் வழக்குரைப்படி” என்று தொடக்கத்தில் மூன்று செக்கன் எழுத்தில் போட்டால் போதும்.

சிலப்பதிகாரத்தைத்தான் எடுக்கிறோம் என்றால் அதையாவது சரியாக எடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் “கோபமான கண்ணகி” என்று எழுதிப் படம் எடுக்கிறீர்கள். வருகிற படத்தின் காலைப் பாருங்கள். இரண்டு காலிலும் சிலம்பு இருக்கும், கையிலும் ஒன்று இருக்கும். கதையே ஒரு சோடிச் சிலம்பில் ஒன்றை விற்கப் போனதில்தானே தொடங்குகிறது! அவளிடம் மிஞ்சியது ஒற்றைச் சிலம்பு. காலில் ஒன்றுமில்லை. அடுத்து பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கு முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தில் நிற்கிறது. உடைத்த சிலம்பிலிருந்து வெள்ளை முத்துச் சிதறுகிறதாகக் காட்டினால் கோவலன் கள்வன் என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி. தெறிப்பது சிவப்பாக இருக்கவேண்டும்.

இன்னொன்று, எரிகிற மதுரையில் பிள்ளைகளும் கிழவிகளும் அலறி ஓடுகிற காட்சி. இளங்கோவின் கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளை இடும்போது அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர்களிடம் மட்டும் போ என்று பிரித்துச் சொல்கிறாள். கோபத்தின் உச்சியிலும் அவளுக்கு அந்த நிதானம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அவள் வெறும் நெருப்பு வைத்தவள்.

அந்தச் செயலிகள் ஏன் இப்படித் தருகின்றன என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அவை கற்றுக்கொண்டது இணையத்தில் கிடக்கிற படங்களில். அங்கே துர்க்கையும் காளியும் ஆயிரக்கணக்கில், கண்ணகி மிகக் கொஞ்சம். அதனால் கண்ணகி கேட்டாலும் சூலமும் சிங்கமும் நான்கு கையும் முளைக்கும். அந்தத் தெய்வ முகங்களுக்கே ஒரு பழைய அச்சு இருக்கிறது: 1894இல் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் படங்கள், பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவின் கலண்டர்ப் படங்கள். சினிமா ஒப்பனைக்கும் வழிகாட்டியது அந்த அச்சுத்தான். ஆகவே செயலியிடம் “கண்ணகி” என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு கை, வெறுங்கால், வலக்கையில் ஒற்றைச் சிலம்பு, ஆயுதம் இல்லை, வாகனம் இல்லை, கிரீடம் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுத்துகளைப் படத்துக்குள் செயலியைக் கொண்டு போடவிடாதீர்கள். தமிழ் எழுத்தைக் குதறிவிடும். தொகுக்கும்போது நீங்களே தட்டச்சிடுங்கள்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் விசயத்திலும் இதே கதைதான். பதினெட்டு நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போவது, அருச்சுனன் தவநிலை, பிறகுதான் தீமிதிப்பு. முகநூலில் வருவது தீக்குழி மட்டும். கமராவுக்குத் தீ பிடிக்கும், அது விளங்குகிறது. ஆனால் தவநிலைக்குக் கூடுகிற சனத்தை ஒருக்கா அகலமாக எடுத்துப் பாருங்கள், தீமிதிப்புக்கு அது எந்த விதத்திலும் குறைந்த காட்சி இல்லை.

பாரதம், இராமாயணம் பற்றி வீடியோவில் பேசுகிறவர்களுக்கும் ஒரு சொல். இலட்சுமணன் கோடு கிழித்தான் என்பது வான்மீகத்திலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது. கம்பனில் இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். துரியோதனன் தடுமாறியபோது திரௌபதி “குருடன் மகன் குருடன்” என்று சொன்னதாக வியாசரில் இல்லை. 1980களின் கடைசியில் வந்த தொலைக்காட்சித் தொடர்களும் பின்னால் தமிழில் குரல் மாற்றி வந்தவையும் இந்தச் சேதிகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த ஒரு வசனத்தால் பாதிச் சனம் போருக்கே திரௌபதிதான் காரணம் என்று நம்புகிறது. அவளுக்குக் கோயில் கட்டித் தீமிதிக்கிற எங்கட ஊர்ப் பக்கங்களில் இருந்துகொண்டு அதைத் திருப்பிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் மூலத்தில் இல்லாததெல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. 1964 ‘கர்ணன்’ படத்தில் கண்ணன் அந்தணனாக வந்து கர்ணனின் புண்ணியத்தைத் தானமாகக் கேட்கிற காட்சியை, “வியாசரில் இல்லை, சினிமாக்காரன் கட்டியது” என்று சிலர் எழுதுகிறார்கள். கட்டியது சினிமாக்காரன் இல்லை. அது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் இருக்கிறது. ஒரு தமிழ் நூலை நம்பி நின்றதால்தான் அந்தக் காட்சி இன்றைக்கும் சனத்தை அழவைக்கிறது. எதை மாற்றினீர்கள் என்பதை விட எதன்மேல் நின்று மாற்றினீர்கள் என்பதே என் கேள்வி. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் எங்கட நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடியைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனார். விடிய விடிய ஆடியது சில மணிக்குள் வந்தது, சனம் சுற்றியிருந்து பார்க்கிற வட்டக்களரி ஒருபக்க மேடை ஆனது. ‘இராவணேசன்’ அப்படி வந்ததுதான், மௌனகுரு இராவணனாக ஆடினார். கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரிடம் ஆட்டத்தையும் தாளத்தையும் முறையாக வாங்கிக்கொண்டு சுருக்கியதால் அது நின்றது.

இப்போது கூத்தை வீடியோ எடுக்கிற முறைக்கு வருகிறேன். அதிகம் கெடுவது அங்கேதான்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிறீர்கள். வட்டக்களரியில் ஆள் சுற்றி ஆடுகிறார். நிமிர்ந்த சட்டத்தில் அவர் இரண்டு அடி வைப்பதற்குள் வெளியே போய்விடுவார். நீங்கள் துரத்துவீர்கள், படம் ஆடும். பிறகு கிட்டப்போய் முகத்தை எடுப்பீர்கள், கால் போய்விடும். வடமோடியில் கால் போனால் என்ன மிச்சம்? இராசா வரவா, மந்திரி வரவா, போருக்கு ஏறுகிறானா என்பதை ஆட்டக்கோலம்தான் சொல்கிறது. ஆகவே ஒரு போனை முக்காலியில் படுக்கையாக வைத்து, முடியின் உச்சியிலிருந்து சலங்கை வரைக்கும் தெரிய, களரி முழுவதும் அடங்குகிற தூரத்தில் விட்டுவிடுங்கள். உயரம், நிற்கிற ஆளின் தலைக்குக் கொஞ்சம் மேல். சுற்றிவரச் சனம் இருப்பதால் அதற்குக் கீழே வைத்தால் தலைகள்தான் பதியும். இரண்டாவது போன் இருந்தால் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் இருக்கிற பக்கம். வெள்ளைத் துணி பிடித்து வருகிற வரவை வெட்டாமல் முழுதாக வையுங்கள். துணிக்குப் பின்னால் கால் மட்டும் ஆடுகிற அந்த நேரம்தான் பார்க்கிறவனுக்கு யார் வருகிறார் என்ற பதைப்பைத் தருகிறது. அதைச் சினிமாபோலத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் தாளமும் ஆட்டமும் பிரிந்துவிடும்.

வெளிச்சம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் முப்பது பிரேமில் இருந்தால் டியூப் லைட்டுக்குக் கீழே படத்தில் கோடு ஓடும். கையால் அமைக்கிற முறைக்குப் போய் 25 பிரேம், சட்டர் 1/50 என்று வையுங்கள். தீமிதிப்பில் போன் தானாக வெளிச்சத்தை அளந்தால் தீயைப் பார்த்துப் படத்தைக் கறுக்க வைத்துவிடும், ஆட்கள் நிழலாகிப் போவார்கள். முகத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள். நிறச் சமநிலையையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் மஞ்சள் சீலை ஒரு வெளிச்சத்தில் பச்சையாகவும் இன்னொன்றில் வெள்ளையாகவும் வரும்.

சத்தம் அதைவிட முக்கியம். உடுக்கும் பாட்டும் சேர்ந்து வருகிற வழக்குரையில் போனின் தானியங்கி ஒலியளவு ஒவ்வொரு அடிக்கும் பாடுகிறவரின் குரலை அமுக்கிவிடும். சொல் விளங்காது. சொல் விளங்காத வழக்குரையால் ஆருக்கு என்ன பயன்? தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பாடுகிறவரிடமிருந்து ஆறேழு அடி தள்ளி வைத்து, உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவை முன்கூட்டியே கட்டுங்கள். கோயில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழே நிற்கவேண்டாம். ஒரு தடவை கை தட்டிவிட்டுத் தொடங்கினால் பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது லேசு. அதற்கு மேல் சினிமா இசை ஏற்றாதீர்கள். தாளம் ஒத்துவராது என்பது ஒன்று. யூடியூப் உரிமைக் கோரிக்கை வந்து ஒலியை நிறுத்திவிடும் என்பது மற்றது.

எடுக்கக்கூடாதவையும் இருக்கின்றன. திருக்கதவு திறக்கும்போது உள்ளே கமரா நீட்டவேண்டாம். மண்டூர் முருகன் கோயிலில் திரைக்குப் பின்னால் நடப்பது திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும், அங்கே வழிபாடே அந்தத் திரைதான். தெய்வமாடுகிற பெண்களின் முகத்தைக் கிட்டப்போய் எடுத்துப் போடாதீர்கள். அடுத்தநாள் அவர் வேலைத்தலத்துக்குப் போகவேண்டும், அந்தத் துண்டை ஆரும் எதற்கும் பாவிப்பார்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் உரிய அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்த்திப் பாட்டு நேரத்தில் அனுமதி இருந்தாலும் வேண்டாம். சடங்கு நடத்துகிற கட்டாடியாரிடமும் கோயில் நிருவாகத்திடமும் எதை எடுக்கலாம் என்று கதவு திறக்கிறதுக்கு முதலே கேட்டுவிடுங்கள், சடங்கு நடக்கும்போது போய்க் கேட்கக்கூடாது.

முதல்நாள் ஆரவாரத்தில் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளுவதால்தான் அநேகமான வீடியோக்களில் குளிர்த்தி இல்லாமல் போகிறது. அது வரும் நேரம் பற்றறி செத்திருக்கும், மெமரி கார்ட் நிறைந்திருக்கும். ஃபுல் எச்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏழெட்டு ஜிபி போகும். ஆகவே குளிர்த்தி இரவுக்கென்று 64 ஜிபி கார்ட் ஒன்றும் நிறையச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்றும் தனியாக எடுத்து வையுங்கள். எடுத்ததை வெட்டாமல் ஒரு பிரதி கோயிலுக்கும் ஒரு பிரதி பாடினவருக்கும் கொடுங்கள். கோப்பின் பெயரில் ஊர், கோயில், ஆண்டு, பாடினது எந்தக் காதை என்று எழுதிக் கொடுங்கள்.