மஞ்சள் பாலும் மறதி நோயும்: ஒரு சின்னத் திருத்தம்

தினமும் ராத்திரி மஞ்சள் பால் குடித்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் மூளை வீக்கத்தைக் குறைத்து அல்சைமர் என்ற மறதி நோயைக் குணமாக்கும், அது நிரூபணமான விஷயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த 'நிரூபணமான' என்ற சொல்லில்தான் சிக்கல்.

குர்குமின் வீக்கத்தைக் குறைப்பது செல்களிலும் எலிகளிலும் பார்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் அல்சைமர் நோயாளிகளிடம் அது பலிக்கவில்லை. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36 பேர் சேர்ந்தார்கள். சிலருக்குத் தினம் 2 கிராம் குர்குமின், சிலருக்கு 4 கிராம், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 24 வாரம் கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தில் சேர்ந்த குர்குமினும் சொற்பம். குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் 'குணமாகும்' என்று சொல்ல அதில் இடமே இல்லை.

அளவையும் பாருங்கள். அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் ஒன்றரை கிராம். அதில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 45 மில்லிகிராம். அந்த 2 கிராமை எட்டவே நாற்பது டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும்!

நீங்களே சரிபார்க்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் குர்குமின், அல்சைமர் இரண்டையும் ஆங்கிலத்தில் தட்டி, 'கிளினிக்கல் ட்ரையல்' (மனிதர்களிடம் நடத்தும் சோதனை) என்ற வடிகட்டியை டிக் செய்யுங்கள். எலி ஆய்வுகள் பெரும்பாலும் விலகிவிடும். மிஞ்சுவதில் எத்தனை பேர், எத்தனை நாள், முடிவு என்ன என்பது கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கும்.

பால் பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.