சிடிசியை 12ஆல் வகுத்தால் கைச்சம்பளம் வராது

ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வரும், இன்டர்வியூவில் அதைக் கேட்கத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் தொகை) எல்லாம் பெரும்பாலும் சிடிசிக்குள்ளேயே அடங்கும். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 50,000, முழு பேசிக்குக்கும் பிஎஃப் என்றால் நிறுவனப் பங்கு 12% 6,000, உங்கள் பங்கு 6,000, கிராஜுவிட்டி 4.81% 2,405. வரிக்கு முன்பே மாதம் 14,405 கைக்கு வராது. வேரியபிள் இருந்தால் இன்னும் குறையும்.

ஹெச்ஆர் சுற்றில் தாராளமாகக் கேளுங்கள்: "சம்பள பிரேக்கப்பை மெயிலில் அனுப்ப முடியுமா? வேரியபிள் எவ்வளவு, எந்த மாதம் வரும்?" வந்த தாளில் 'எம்ப்ளாயர் பிஎஃப்' என்ற பெயரில் தொகை இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் நிறுவனப் பங்கும் சிடிசிக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.