அன்னாசி இலையும் அதன் மேல் பூசிய பிளாஸ்டிக்கும்

விலங்குத் தோலுக்குப் பதில் செடியில் செய்தது என்று சொல்லி, கள்ளித் தோல், ஆப்பிள் தோல், அன்னாசித் தோல் என்ற பெயர்களில் கைப்பையும் செருப்பும் இப்போது நிறைய வருகின்றன. படம் அழகாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும், ஓரத்தில் ஒரு பச்சை இலை இருக்கும். வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதில் செடி எவ்வளவு, மீதி என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

தோலுக்கு மாற்று வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பாலாற்றங்கரை ஊர்களின் கதை தெரிந்த யாருக்கும் இருக்காது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அந்த ஆற்றையும் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் நிலத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதை 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. மாற்று என்று ஒன்று வந்தால் அது நிஜமான மாற்றாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அன்னாசியை எடுத்துக்கொள்வோம். கார்மென் இஹோசா என்ற ஸ்பானிய வடிவமைப்பாளர் 1990-களில் தோல் பொருள்கள் பற்றி ஆலோசனை சொல்ல பிலிப்பைன்ஸுக்குப் போனார். தோல் பதனிடும் இடங்களைப் பார்த்து மனம் கலங்கினார். அதே நாட்டில் அன்னாசி இலை நாரில் நெய்த துணியையும் பார்த்தார். அப்புறம் பல வருட உழைப்பு, லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் முனைவர் பட்டம், கடைசியில் ‘பின்யாடெக்ஸ்’ என்ற அன்னாசித் தோல். பழம் பறித்தபின் வயலில் கிடக்கும் இலையிலிருந்து நாரை உரித்து, மக்காச்சோளத்திலிருந்து வரும் பாலிலாக்டிக் அமில இழையோடு கலந்து, நெய்யாமலே அழுத்தி விரிப்பாக்குகிறார்கள். அந்த விரிப்பில் சுமார் 80 சதவீதம் அன்னாசி நார். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 480 இலைகள் போகின்றன. எரிக்கவோ அழுகவோ விட்டிருக்கும் இலைக்கு விவசாயிக்குக் காசு கிடைக்கிறது. இதுவரை எனக்கு முழுச் சம்மதம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. அந்த விரிப்பு தண்ணீரைக் குடிக்கும், உரசினால் பிசிறு எழும். செருப்பாகவும் பையாகவும் தாக்குப்பிடிக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். அங்கேதான் பாலியூரிதேன் உள்ளே வருகிறது. பாலியூரிதேன் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் பிறக்கும் பிளாஸ்டிக்.

இது அன்னாசியின் குற்றம் இல்லை. விலங்குத் தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. அந்தப் பின்னல்தான் அதன் பலம். எந்தச் செடியிலும் அப்படி ஒரு பின்னல் தயாராகக் கிடைப்பதில்லை. இலை நாராவது பரவாயில்லை, நீளமாவது இருக்கிறது. இத்தாலியின் போல்சானோ பகுதியில் சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையைக் காயவைத்துப் பொடியாக்கிச் செய்யும் ஆப்பிள் தோலின் நிலைமை இன்னும் மோசம். பொடிக்குத் தானாக நிற்கும் பலம் ஏது? அதைப் பிடித்து நிறுத்துவது பாலியூரிதேன், தாங்குவது அடியில் இருக்கும் துணி. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் உள்ள ஃபில்க் ஆய்வு நிலையம் 2021-இல் இப்படிப்பட்ட மாற்றுகளைத் தோலோடு ஒப்பிட்டுச் சோதித்தது. மெக்ஸிகோவின் கள்ளித் தோலான டெசர்ட்டோவிலும் பாலியூரிதேன் இருப்பது அதில் தெரிந்தது. அது தோல், பிளாஸ்டிக் துறைகளுக்காகவே நடக்கும் நிலையம், அதனால் முடிவைச் சந்தேகிக்கலாம் என்பவர்கள் உண்டு. சந்தேகிக்கட்டும். ஆனால் இந்தப் பூச்சை அந்த நிறுவனங்களே மறுப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

செடியும் பிளாஸ்டிக்கும் இப்படிக் கலந்தபின் பிரிக்க முடியாது. மண்ணில் மக்காது, உருக்கி மறுபடி எடுக்கவும் வழி இல்லை. செடிக்கு என்று இருந்த ஒரே பெரிய நன்மையையும் நாமே அழித்துவிடுகிறோம்.

அதே பிலிப்பைன்ஸில் அதே அன்னாசி இலைக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. என் மனசு அதில்தான் நிற்கிறது. அக்லான் மாகாணத்தில், காலிபோவைச் சுற்றி, இலையை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுகிறார்கள். முதலில் முரட்டு நார் வரும். அதை எடுத்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டையால் இன்னும் மெதுவாகச் சுரண்டினால் உள்ளிருக்கும் மெல்லிய நார் வரும், முடி மாதிரி. இதை நூற்பதில்லை. ஒவ்வொரு இழையின் நுனியையும் அடுத்த இழையோடு கையால் முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள். அந்த முடிச்சு நூலைத்தான் தறியில் ஏற்றுகிறார்கள். அந்தத் துணிக்குப் பெயர் பின்யா. அக்லானின் இந்தக் கைநெசவை 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தத் துணி விறைப்பாக நிற்கும், உள்ளே இருப்பது தெரியும். பட்டு மாதிரி வழிந்து விழாது. அதற்காக யாரும் மேலே எதையும் பூசவில்லை. உடையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் ஆண்களின் மரபுச் சட்டையான பாரோங் தகாலோக் தொளதொளப்பாக, வெளியே விட்டு, உள்ளே ஒரு பனியனோடு போடுவது. மெல்லிய துணியில் எம்பிராய்டரி எடுப்பாகத் தெரியும் என்பதால் மார்புப் பகுதி முழுக்கக் கைவேலை. வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஜப்பானில் ஒகினாவாவின் கிஜோகா கிராமத்து பாஷோஃபு துணியும் அப்படித்தான். அது வாழையின் உறவுச் செடி ஒன்றின் தண்டு நாரில் நெய்வது. ஒரு கிமோனோவுக்கு சுமார் 200 மரங்கள் வேண்டும் என்கிறார்கள். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துவிடும், ஈரப்பதமான மாதங்களில்தான் தறி நன்றாக ஓடும். துணி விறைப்பாக இருப்பதால் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டாது. வெயில் காலத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? இரண்டாம் உலகப் போருக்குப்பின் அழிந்துபோக இருந்த இந்த நெசவை தாய்ரா தோஷிகோ என்ற பெண்மணி மீட்டார். ஜப்பான் அரசு 2000-இல் அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது.

நம் பக்கத்திலும் இது நடக்கிறது. பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கட்டம் நெய்து அனுப்பிய ஊர். அந்தச் சந்தை விழுந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிச்சம் இருந்தவர்களில் சிலர் வாழை நாரைத் தறியில் ஏற்றினார்கள். நார் இழுவிசையைத் தாங்காமல் அறும் என்பதால் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பருத்தியிலோ பட்டிலோ இருக்கும், வாழை குறுக்கே ஓடும் ஊடையில் வரும். பூத் தொடுக்கும் அதே நார்தான். வாழை ஒரு முறைதான் குலை தள்ளும், குலை வெட்டினால் மரத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும். மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம், நாரைப் பிரித்துத் திரிக்கும் கைகளுக்கு. அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலிக்கு இளையவர்கள் வருவார்களா? வர மாட்டார்கள். அவர்கள் வரும் அளவுக்குக் கூலி கொடுக்க வேண்டும், புடவை விலை ஏறினால் ஏறட்டும். வெளிநாட்டு ‘கள்ளிப் பை’க்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இங்கே வந்து பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தோல் மாதிரியே ஒரு பொருள் வேண்டுமென்றால், பிளாஸ்டிக் இல்லாமல் முயன்றவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் ‘மலாய்’ நிறுவனம் தேங்காய் ஆலைகளில் வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்து, அது உண்டாக்கும் செல்லுலோஸ் படலத்தோடு வாழை நாரும் இயற்கைப் பிசினும் சேர்த்துத் தாள் செய்கிறது. அமெரிக்காவில் ‘மிரம்’ என்ற பொருளை இயற்கை ரப்பரும் தாவர எண்ணெயும் வைத்து உருவாக்கினார்கள். தொழிற்சாலைத் தோலுக்கு நிகராக இவை எல்லா இடத்திலும் நிற்காது. மலாய்க்கு எண்ணெயோ மெழுகோ பூசிப் பராமரிக்க வேண்டும். செய்யலாமே, நல்ல தோல் செருப்புக்கு அதைத்தானே செய்தோம்.

வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். செடியைக் கொண்டு முதலைத் தோல் வரி அச்சிட்ட பை செய்யாதீர்கள். நாரை முதலில் நனைத்துப் பாருங்கள், மடித்துப் பாருங்கள், நெய்கிறவரிடம் போய் உட்காருங்கள். அது எங்கே அறும் என்று அவருக்குத் தெரியும்.

அனகாபுத்தூர் வாழை நார்ப் புடவையோ மலாய்ப் பையோ வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், எவ்வளவு நாள் உழைத்தது, துவைத்தபின் எப்படி இருந்தது, எங்கே நைந்தது என்று கீழே எழுதுங்கள். வாங்க யோசிப்பவர்களுக்கு விளம்பரத்தைவிட அது உதவும்.